வயது 38, விறைப்பு குறைகிறது. இதயத்தை ஏன் சோதிக்கச் சொல்கிறார்?

மழைத்துளி:
ஒரு வருடமாக விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. வேலை அலுப்பு என்று விட்டுவிட்டேன். இப்போது விடியற்காலையில் வருவதும் நின்றுவிட்டது. மாத்திரை கேட்கப் போனால், மருத்துவர் பிரஷர் பார்த்துவிட்டு சுகர், கொழுப்பு, ஈசிஜி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நெஞ்சு வலி இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. சிகரெட் மட்டும் உண்டு. இதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

வழிப்போக்கன்:
இந்த வயதில் மனஉளைச்சல்தான் நண்பரே. நன்றாகத் தூங்குங்கள். எனக்குத் தெரிந்தவர் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார், சரியாகிவிட்டது.

வார்டு அண்ணன்:
மனசு காரணமென்றால் பெரும்பாலும் திடீரென்று தொடங்கும், ஒருநாள் வரும், ஒருநாள் வராது. விடியற்காலையில் வருவது வழக்கம்போல வரும். உங்களுக்கு அதுவும் நின்றிருக்கிறது தம்பி. ரத்தக்குழாயைச் சந்தேகப்பட இது போதும்.

நான் இதயப் பிரிவில் செவிலியர். நாற்பதுகளில் மாரடைப்போடு வருகிறவர்களிடம், மனைவி மருந்துச் சீட்டோடு வெளியே போன பிறகு, "அந்த விஷயம் எப்படி இருந்தது?" என்று கேட்பேன். முதலில் கதவைப் பார்ப்பார்கள். அப்புறம் குரலை இறக்கி, "அது ரெண்டு மூணு வருஷமாவே சரியில்லை சார்" என்பார்கள். யாரிடமாவது சொன்னீர்களா என்றால் தலையாட்டுவார்கள், இல்லையென்று. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4. சிகரெட், சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும். அங்கே சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்தால் குழாய் விரியாது. சின்னக் குழாயில் அது முதலில் தெரிந்துவிடுகிறது. நெஞ்சு வலி வர இன்னும் 2 முதல் 5 வருடம் ஆகலாம். அதற்குள் எவ்வளவோ செய்யலாம். 2009-ல் மேயோ கிளினிக் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், நாற்பதுகளில் இந்தக் குறை இருந்தவர்களுக்கு இதய நோய் பல மடங்கு அதிகம். எழுபது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆக, இளவயதுக்காரர்தான் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

கடையில் வாங்கிப் போடும் வேலை மட்டும் வேண்டாம். கடையில் கிடைக்கும் சில்டெனாபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) விறைப்பைத் தரும், குழாயில் படிந்த கொழுப்பு அப்படியே இருக்கும். அதைப் போட்டவருக்கு நெஞ்சு வலி வந்து, நாக்கடியில் நைட்ரேட் மாத்திரையும் வைத்தால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். சில்டெனாபில் என்றால் 24 மணி நேரம், அதே வகையைச் சேர்ந்த டடாலாபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தரக்கூடாது. அவசரமாக வந்து படுக்கிறவர் வெட்கப்பட்டு இதை மறைத்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

மழைத்துளி:
நன்றி அண்ணா. ஈசிஜி நன்றாக வந்தால் போதுமா? ஏதாவது இருந்தால் இந்த மாத்திரையே கிடையாதா?

வார்டு அண்ணன்:
சும்மா படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தாலும் அடைப்பு இருக்கலாம். தேவைப்பட்டால் நடக்க வைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் சோதனை சொல்வார். இதய நோய் இருப்பவர்களில் பலருக்கும் மருத்துவர் பார்த்து இந்த மாத்திரை தருகிறார். நைட்ரேட் எடுப்பவருக்குக் கூடவே கூடாது. ரத்தம் கொடுக்கக் காலையிலேயே போங்கள், டெஸ்டோஸ்டிரோனும் அப்போதுதான் பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரை தொடங்கி விறைப்பு இன்னும் குறைந்தால், நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள், வேறு மாற்றித் தருவார். சிகரெட்டை மட்டும் ரிசல்ட் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.