மழை அறிவிப்பு வரும் நாட்களில் நீங்கள் கண்டது என்ன?

வட்டவளையிலிருந்து:

ஒக்டோபர் பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்களுக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை, சில இடங்களில் பலத்த மழை, மின்னல் குறித்து அவதானம். கேட்டுக் கேட்டு நம் காதுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்படி அறிவிப்பு வந்த ஒரு நாள், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் கணக்கில், அதாவது மேல் பிரிவில், காலை நல்ல வெயில். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளத்திலிருந்து மேகம் ஏறியது. பெண்கள் மலையிலேயே நின்றார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். யாருக்கு இறங்க மனம் வரும்? முதல் இடி கேட்டதும் சிலர் சவுக்கு மரத்தடிக்கு ஓடினார்கள். எங்கள் அத்தை, "மரத்தடி வேண்டாம், பிள்ளைக் காம்பராவுக்கு இறங்குங்கள்" என்று கத்தி எல்லோரையும் அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு இறக்கிவிட்டார். அவர்கள் கூரைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் மேலே இடி விழுந்தது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். அந்த மரத்தில் உச்சியிலிருந்து வேர்வரை ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உரிந்து வெள்ளை தெரிந்தது. அடியில் நின்ற தேயிலைச் செடிகள் சில நாட்களில் கருகின. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். ஆனால் இடி காதில் விழுந்தாலே இறங்கிவிட வேண்டும். அரைப்பேர் போனால் போகட்டும்.

ஹல்துமுல்லையிலிருந்து:

அண்ணா, எங்கள் பக்கம் மின்னலைவிட மண்ணுக்குத்தான் பயம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அது ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மழை 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு இது. ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான்.

ஒரு மழையில், மலை ஊற்றிலிருந்து வரும் எங்கள் பீலித் தண்ணீர் காலையிலேயே செம்மண்ணாகக் கலங்கி வந்தது. மத்தியானம் அடைமழைக்கு நடுவே பீலி நின்றுவிட்டது. "பீலி நின்றால் மலை தண்ணீரைக் குடிக்கிறது என்று அர்த்தம்" என்றார் பக்கத்துக் காம்பரா பாட்டி. குசினிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் நிலத்தில் விரல் நுழையும் வெடிப்பு. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாட்டியின் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே பாடசாலைக்குப் போய்விட்டோம். அன்றிரவு மண் வரவில்லை. "வீண் அலைச்சல்" என்று சிலர் முணுமுணுத்தார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அடுத்த முறை அந்தச் சொல்லுக்கு அஞ்சியே யாராவது வீட்டில் தங்கிவிடுவார்கள்.

நுவரெலியாவிலிருந்து:

வெளியூர்ச் சொந்தங்கள் இங்கே பனிமழை பெய்யுமா என்று கேட்கிறார்கள். பெய்யாது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவுகளில் நிலத்துச் சூடு மேலே போய்விடும்; குளிர்காற்று பள்ளங்களில் தேங்கி, விடியற்காலையில் புல்லில் துகள் உறைபனி படியும். அறிவிப்பில் உறைபனி என்ற ஒரு வரி வந்தால் நாங்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே எழுந்து உருளைக்கிழங்குப் பாத்திகளுக்குத் தண்ணீர் தெளிப்போம். பள்ளத்துப் பாத்திதான் முதலில் கருகும். மேட்டில் இருப்பது தப்பிவிடும்.

வட்டவளையிலிருந்து:

தங்கச்சி சொன்ன அளவுகளை எல்லோரும் எழுதி வையுங்கள். மாகாணம் முழுவதற்குமான அறிவிப்பு நம் சரிவில் எவ்வளவு பெய்தது என்று சொல்லாது. பல தோட்டங்களில் மழைமானி இருக்கிறது, கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கம் நேராக உள்ள தகர டின்னைத் திறந்த வெளியில் வைத்து, காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் அளந்தாலும் போதும். ஏழரை சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அதுவே 75 மில்லிமீற்றர். அன்று பீலியையும் வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தையும் பார்த்துவிடுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. பசறை, பொகவந்தலாவைப் பக்கத்து ஆட்களும் எழுதுங்கள்.