‘ஏஜென்சி’க்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

திங்கள் காலை – மொழிபெயர்ப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சமூகவியல் முதலாண்டுப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பண்பாடு, அதிகாரம், சமூக அடுக்கு எல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டன. கடைசி இயல் ‘சமூக மாற்றம்’. அதில் ஏஜென்சி என்ற சொல் நாற்பது இடங்களுக்கு மேல் வருகிறது. வெள்ளி மாலை கோப்பை அனுப்பியாக வேண்டும்.

முதல் வரைவில் அகராதியைப் பார்த்து ‘முகமை’ என்று போட்டிருந்தேன். ஒரு பக்கத்தை மாணவி ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ‘அடித்தட்டு மக்களின் முகமையை வரலாற்று நூல்கள் கண்டுகொள்ளவில்லை’ என்ற வாக்கியத்தில் நின்றுவிட்டார். “அந்த முகமை எந்தத் துறையின் கீழ வருது?” என்று கேட்டார். குறை அவர்மேல் இல்லை. செய்தி முகமை, புலனாய்வு முகமை என்றுதானே நாம் எல்லோரும் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறோம்.

நூல் சொல்ல வருவது வேறு. தான் பிறப்பதற்கு முன்பே இருந்த ஏற்பாடுகளுக்குள் நின்றபடியே ஒருவர் தாமாக ஒன்றைத் தீர்மானிக்கிறார், செய்கிறார், அதனால் ஏதோ ஒன்று மாறுகிறது. அந்த இயல்புக்குப் பெயர் வேண்டும். அந்த ஏற்பாடுகளுக்குக் ‘கட்டமைப்பு’ என்று வைத்துவிட்டேன். ‘அமைப்பு’ என்றால் சங்கம், இயக்கம் என்ற பொருளும் வந்து குழப்புகிறது. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். கட்டமைப்புக்கு எதிரே நிற்கும் சொல்லை மட்டும் கொடுங்கள்.

திங்கள் இரவு – இலக்கண ஆசிரியர்

தம்பி, தேடவே வேண்டாம். திருக்குறள் 62ஆம் அதிகாரத்தின் பெயர் ‘ஆள்வினையுடைமை’. ‘ஆள்வினை’ என்று வையுங்கள். ஆளும் இருக்கிறது, வினையும் இருக்கிறது.

அதற்கு எதிர்முனை 38ஆம் அதிகாரமான ஊழ். ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று அங்கே கேட்டவர்தான், 620ஆம் குறளில் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’, அதாவது ஊழையும் புறமுதுகு காட்டவைப்பார்கள் என்கிறார். உங்கள் நூல் கட்டமைப்பு, ஏஜென்சி என்று இரண்டு தட்டில் வைத்து நிறுப்பதும் இதைத்தானே? புறநானூறு 192இல் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’, ஆற்றோடு போகும் தெப்பம்போல், உயிர் முறைவழியே போகும் என்கிறார் கணியன் பூங்குன்றனார். அந்தப் புணையில் துடுப்பு பிடிப்பது ஆள்வினை.

செவ்வாய் காலை – சமூகவியல் ஆசிரியை

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. வகுப்பில் வைத்தால் தவறான பாடம் போய்ச் சேரும் என்று அஞ்சுகிறேன்.

ஆள்வினை என்றால் விடாமுயற்சி. ஏஜென்சி முயற்சி அல்ல. கூலியைக் குறைத்த இடத்தில் வேலையை மெதுவாகச் செய்கிறவர்கள், புரிந்தும் புரியாததுபோல நிற்கிறவர்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறவர்கள், இவர்களிடமும் அது இருக்கிறது. வெளியே பார்த்தால் அங்கே முயற்சியே தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. ‘ஏழைகளிடம் ஆள்வினை குறைவு’ என்று மாணவர் ஒருவர் விடைத்தாளில் எழுதினால் அதன் பொருள் என்ன? உழைக்காததால் ஏழை என்றாகிவிடும். எந்தக் கருத்தை உடைக்க இந்தப் பாடத்தை நடத்துகிறோமோ அதுவே பின்கதவு வழியாக உள்ளே வந்துவிடும்.

கட்டமைப்பும் ஊழ் அல்ல. பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் 1895இல் சமூக உண்மைகள் (வழக்கம், சட்டம் போன்றவை) தனிமனிதருக்கு வெளியே நின்று அவரை நெருக்குகின்றன என்று எழுதினார். அதைப் படித்தால் ஊழ் மாதிரிதான் தோன்றும். ஆனால் பிரிட்டிஷ் சமூகவியலாளர் அந்தோணி கிடன்ஸ் 1984இல் விளக்கியபடி கட்டமைப்பு தடுக்கவும் செய்கிறது, செய்யவும் வைக்கிறது. நாம் புழங்கப் புழங்கத்தான் அது நிலைக்கிறது. மொழியையே பாருங்கள். இலக்கணம் நம்மைக் கட்டுகிறது, ஆனால் அது இல்லாமல் ஒரு வாக்கியமும் பேச முடியாது. பேசிப் பேசியே அதை மாற்றியும் விடுகிறோம். பூங்குன்றனாரின் ஆற்றுக்கு அப்படி ஒரு வழி இல்லை. புணை போவதால் ஆறு திசை மாறாது.

‘முகமை’யை விட வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. முகவர் என்பவர் இன்னொருவருக்காகச் செய்கிறவர். பொருளியலாளர் அமர்த்தியா சென் 1999இல் ஏஜென்ட் என்ற சொல்லை எடுத்தபோது இந்தப் பொருளை முதலில் விலக்கிவிட்டு, தானே செயல்பட்டு மாற்றத்தைக் கொண்டுவருகிறவர் என்ற பழைய பொருளில் ஆளுகிறேன் என்று சொல்லித்தான் தொடங்கினார். ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு. தமிழில் நாமாக அதை வரவழைக்க வேண்டாம்.

செவ்வாய் மதியம் – மென்பொருள் துறை நண்பர்

‘செயலாண்மை’ எப்படி? மேலாண்மை, வேளாண்மை வரிசையில் காதுக்குப் பழகிய சொல். யாரும் விளக்கம் கேட்காமலே பாதி புரிந்துகொள்வார்கள். ‘தன்செயல்’ என்றும் யோசித்தேன். சேர்த்து எழுதினால் ‘தற்செயல்’ ஆகி, யாரும் நினைக்காமல் நடந்தது என்று நேர் எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

செவ்வாய் இரவு – சமூகவியல் ஆசிரியை

புரிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சொல் அதிகம் தேவைப்படுவதே பாலினம் பற்றிய பாடத்தில்தான். ‘பெண்களின் செயலாண்மை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நான் திரும்பி வகுப்பைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு திறம் உண்டு என்று சொல்லவும் ‘ஆண்மை’தான் வேண்டுமா என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி.

புதன் காலை – இலக்கண ஆசிரியர்

அம்மா, அது ஆண் + மை அல்ல, ஆள் + மை. கேள் + மை கேண்மை ஆவதுபோல ளகரம் ணகரமாகிறது. நீங்கள் ஒதுக்கிய அதே 62ஆம் அதிகாரத்தில், 613ஆம் குறளில், ‘தாளாண்மை’யும் ‘வேளாண்மை’யும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டிலும் ஆண்பால் இல்லை.

புதன் காலை – சமூகவியல் ஆசிரியை

148ஆம் குறளின் ‘பேராண்மை’யில் இருக்கிறதே ஐயா. பிறன்மனை நோக்காதவன் யார்? ஆண்தானே. வேர் எதுவானாலும் கேட்கிறவர் காதில் எது விழுகிறதோ அதுதான் வகுப்பறையில் பொருள்.

புதன் மதியம் – வேர்ச்சொல் ஆர்வலர்

யாரும் மூலத்தைப் பார்க்கவில்லையே! ஏஜென்சிக்கு அடி லத்தீன் ‘ஆகெரே’. செய்தல், ஓட்டுதல் என்று பொருள். நம் ‘ஆக்கு’ பக்கத்திலேயே நிற்கிறது. ஆகு, ஆக்கு, ஆக்கம், ஆக்குநர். ‘ஆக்குமை’ என்றால் ஒலியும் ஒட்டும், பொருளும் ஒட்டும்.

புதன் மாலை – மென்பொருள் துறை நண்பர்

அண்ணா, ஆகெரேவுக்கு உறவு வடமொழியில் ஓட்டுதலைக் குறிக்கும் ‘அஜ்’ என்ற வேர். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து ‘ஆக்கு’வை அங்கே கொண்டுபோக முடியாது. அப்புறம், ‘ஆக்குமை’ எனக்கே ‘ஆக்கிரமி’ என்று கேட்கிறது.

ஆனால் ஆகு, ஆக்கு என்று நீங்கள் வைத்த இணை என்னை விடவில்லை. ஒடுங்கு, ஒடுக்கு. அடங்கு, அடக்கு. இயங்கு, இயக்கு. தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா என்பதைத் தமிழ் வினை நடுவில் ஒரே ஒரு மெய்யில் வைத்திருக்கிறது. இப்போது இயலின் தலைப்பைப் பாருங்கள். ‘மாறு’விலிருந்தும் மாற்றம், ‘மாற்று’விலிருந்தும் மாற்றம். சமூகம் மாறியதா, சமூகத்தை மாற்றினார்களா? தலைப்பில் அந்த வேறுபாடு அழிந்துபோகிறது.

புதன் இரவு – இலக்கண ஆசிரியர்

தம்பி சொன்னதைப் படித்துவிட்டுத் தொல்காப்பியத்தை எடுத்தேன். ‘செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே’ என்று ஒரு நூற்பா. அதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை எப்படி மெழுகும்? யாரோ சாணம் கரைத்து, குனிந்து, கைவலிக்க மெழுகியிருக்கிறார்கள். வாக்கியத்தில் அந்த ஆள் இல்லை, திண்ணைதான் நிற்கிறது. அடுத்த எடுத்துக்காட்டு ‘கலம் கழீஇயிற்று’. பாத்திரம் தானே கழுவிக்கொண்டது போல. இத்தனை ஆண்டுகள் இதை நடத்தியிருக்கிறேன். அந்த இரண்டு வேலையையும் வீட்டில் யார் செய்தார்கள் என்று ஒருமுறைகூட வகுப்பில் கேட்டதில்லை.

பள்ளியிலேயே இன்னொன்றும் சொல்லித்தருகிறோம். ‘அரசன் கோயில் கட்டினான்’ என்றால் ஏவுதற் கருத்தா, செய்யச் சொன்னவன். ‘தச்சன் கோயில் கட்டினான்’ என்றால் இயற்றுதற் கருத்தா, தானே செய்தவன். கல்வெட்டில் முன்னவன் பெயர் நிற்கிறது.

ஆகவே ஆள்வினையைத் திரும்பப் பெறுகிறேன். செய்கிறவனுக்கு இலக்கணத்தில் ‘வினைமுதல்’ என்று பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘வினைமுதன்மை’ என்று வையுங்கள். பாலும் இல்லை, முயற்சியும் இல்லை. செய்தது யார் என்ற கேள்வி மட்டும் இருக்கிறது.

வியாழன் காலை – சமூகவியல் ஆசிரியை

ஐயா, உங்கள் மடலை இரண்டுமுறை படித்தேன். இன்று முதல் வகுப்பில் ‘திண்ணை மெழுகிற்று’ என்று எழுதிப்போட்டு, யார் மெழுகினார் என்று கேட்டேன். ‘அம்மா’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ‘எங்க பாட்டி’ என்று இன்னொன்று. பிறகு அவர்களாகவே செய்தித்தாள் வாக்கியங்களைக் கொண்டுவந்தார்கள். ‘விலை உயர்ந்தது’, ‘குடியிருப்புகள் அகற்றப்பட்டன’. யார் உயர்த்தியது, யார் அகற்றியது, போனவர்கள் எங்கே போனார்கள் என்று அரைமணி நேரம் பேசினார்கள். ஏஜென்சி என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை.

வினைமுதன்மைக்கு என் ஓட்டு. ஒரு தயக்கமும் உண்டு. ‘முதன்மை’ என்றதும் ‘முக்கியம்’ என்று படித்துவிடுவார்கள். இரண்டு பேர் அப்படித்தான் படித்தார்கள்.

வியாழன் மதியம் – மென்பொருள் துறை நண்பர்

அந்தத் தயக்கம்தான் எனக்கும். நாற்பது இடத்திலும் நின்று விளக்க ஆசிரியர் கூடவே வரமாட்டார். வீட்டில் தனியாகப் படிக்கிற பிள்ளைக்குச் செயலாண்மைதான் கைகொடுக்கும். ‘ஏஜென்சி’ என்றே தமிழ் எழுத்தில் போடலாம் என்றால், அது கடைப் பலகையிலேயே இருக்கிறது, முகமை பட்ட பாடுதான் அதற்கும்.

வியாழன் இரவு – மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து எண்ணினேன். செயலாண்மைக்கு ஆறு, வினைமுதன்மைக்கு மூன்று, ஆக்குமைக்கு ஒன்று. நாளை மாலை கெடு. செயலாண்மை என்றே போகிறேன். முதலில் வரும் இடத்தில் ஆள் + மை என்று ஒரு விளக்கம் வைக்கிறேன். பாலினப் பகுதியில் மட்டும் முடிந்த இடத்திலெல்லாம் சொல்லைத் தவிர்த்து ‘பெண்கள் தாமே செய்தது’, ‘பெண்கள் எடுத்த முடிவு’ என்று வினையாகவே பிரித்து எழுதியிருக்கிறேன். எழுதிப் பார்த்தால் அந்தப் பக்கங்கள்தான் நன்றாக வந்திருக்கின்றன. அதனால் இயலின் மற்றப் பகுதிகளையும் அப்படிப் பிரித்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. நேரம் இல்லை. ஐயா, திண்ணை எடுத்துக்காட்டை இயலின் முடிவில் பயிற்சியாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

வெள்ளி காலை – சமூகவியல் ஆசிரியை

பயிற்சியை முடிவில் வைக்காதீர்கள். இயலின் முதல் பக்கத்தில் வையுங்கள், சொல் வருவதற்கு முன்னால். செயலாண்மை பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்பு வரும்போது இந்த இழையை மறுபடி திறப்பேன்.

வெள்ளி காலை – இலக்கண ஆசிரியர்

தம்பி, அந்த நூற்பா சொல்லதிகாரம், வினையியல். பயிற்சியில் அதைக் குறித்துவிடுங்கள். ‘கலம் கழீஇயிற்று’ என்பதையும் விடாமல் சேருங்கள்.