காப்பகத்திலிருந்து மெலிந்த பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு: தீனியை எப்படித் தொடங்குவது?

செந்தூல்வாசி:
கோலாலம்பூர் விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து பால் பைத்தான் எடுக்கப் போகிறேன். 900 கிராம்தான், முதுகெலும்பு துருத்துகிறது, பழைய தோல் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. வந்ததும் நிறையத் தீனி போடலாமா?

பட்டர்வொர்த்_ஊர்வன:
வேண்டாம் தம்பி, அதுதான் ஆபத்து. பட்டினி கிடந்த உடம்புக்குள் பெரிய இரை போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரென்று சரியும். பாம்பு செத்தே போகலாம். முதல் வாரம் தண்ணீரும் ஒளிய ஒரு பெட்டியும் போதும், கையில் தூக்காதீர்கள். பிறகு உடல் எடையில் 5%, அதாவது 45 கிராமுக்குள், இளக்கிச் சூடாக்கிய ஃப்ரீசர் எலி. 10 நாளைக்கு ஒன்று. கக்கினால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, அதைவிடச் சிறியது கொடுங்கள். கூண்டின் வெப்பமான பக்கம் 31 முதல் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26. தெர்மோஸ்டாட் (வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி) இல்லாத ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வயிற்றைச் சுட்டுவிடும்.

ஈப்போ_அக்கா:
ஒட்டிய பழைய தோலுக்கு 29 டிகிரி வெதுவெதுப்பான நீரில், ஆழம் குறைவாக, 20 நிமிடம் ஊறவிடுங்கள், பக்கத்திலேயே இருந்து. கண்மேல் ஒட்டியதைப் பிய்க்கவே கூடாது. நம் ஊர் ஈரப்பதம் போதும், ஏர்கான் அறைதான் கெடுக்கும். கூண்டின் தரையில் வெள்ளை டிஷ்யூ விரியுங்கள், உண்ணி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் அன்றே மருத்துவர்.

பட்டர்வொர்த்_ஊர்வன:
பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) உரிமம் உங்கள் பெயரில் வரும்முன் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.