மறுமொழி: யோக் என்பது நுகமா, கவையா?

(வேகப் படகுக் கையேட்டைத் தமிழில் எழுதும்போது, இரண்டு தண்டுகளைச் சாய்வாக இணைக்கும் யூ-ஜாயிண்டின் உறுப்பான யோக்குக்கு (yoke) 'கவை' என்றும், தண்டின் இரு முனை யோக்குகளும் ஒத்து நிற்பதற்கு (in phase) 'கவைநேர்' என்றும் முன்பு சொல்லியிருந்தேன். அதற்கு வந்த மறுப்புக்கு என் பதில் இது.)

> யோக் என்றால் நுகம். பழைய சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? ஃபேஸுக்குப் பாடநூலில் 'கட்டம்' இருக்கிறது. 'இரு நுகங்களும் ஒத்த கட்டத்தில் இருக்க வேண்டும்' என்று எழுதிவிடலாம்.

ஐயா, வணக்கம். நுகம் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இங்கே அது ஆங்கிலப் பெயரைப் பார்த்து வைத்த பெயர். நுகத்தடி இரண்டு மாட்டுக் கழுத்தின் மேல் குறுக்கே கிடக்கும் ஒற்றைக் கட்டை. யோக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தண்டின் நுனி இரண்டு காதாகப் பிரிந்து நிற்கும், நடுவில் அதை அடுத்த தண்டின் யோக்கோடு இணைக்கும் சிலுவைத் துண்டு உட்காரும். அது கவட்டை. அதனால்தான் 'கவை' என்கிறேன்.

வேகப் படகுக் கையேட்டில் இந்தச் சொல் தவறினால் வேலையே தவறும். அடிப்பகுதி ஆழ்ந்த 'வி' வடிவில் இருக்கும் குறுகலான பந்தயப் படகில் இரண்டு பெரிய எஞ்சின்களை அருகருகே வைத்தால் டிரைவுகள் (படகின் பின்னால் விசிறியைச் சுழற்றும் அலகுகள்) விலகிப் போகும். அவற்றை நெருக்கி வைக்க ஓர் எஞ்சினை முன்னால் தள்ளிவிடுவார்கள். அதற்கு நீளத் தண்டு வேண்டும். அது பின் எஞ்சினை ஒட்டி ஓடி, படகின் பின்சுவரான அமரப் பலகையில் உள்ள தாங்கிக் (bearing) கூட்டுக்கு வந்து சேரும். இரு முனையிலும் யூ-ஜாயிண்ட். சாய்ந்து நிற்கும் ஜாயிண்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 5,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 10,000 உலுக்கல். முன் ஜாயிண்ட் செய்யும் கோளாறைப் பின் ஜாயிண்ட் சரிக்கட்ட வேண்டுமானால் இரண்டு சாய்வும் சமமாக இருக்க வேண்டும், தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கவையைத் தண்டின் பற்களில் செருகும்போது பல் மாறிப்போனால் தாங்கி அடி வாங்கும்.

தண்டைத் தரையில் கிடத்திப் பார்த்தாலே தெரியும். இந்த முனைக் கவை படுத்திருக்கும்போது அந்த முனையும் படுத்திருக்க வேண்டும். 'ஒத்த கட்டம்' என்று படிப்பவருக்கு அலை வரைபடம்தான் நினைவுக்கு வரும். தண்டைக் கிடத்திப் பார்க்கத் தோன்றாது.

> சரி, ஆனால் நீங்கள் முதலில் சொன்ன 'கவைநேர்' ஆபத்து. தண்டையே நேர்க்கோட்டில் வைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், கவை என்றால் 'கவைக்குதவாத பேச்சு'தானே பலருக்குத் தெரியும்?

முதல் குறை முழுக்க நியாயம். சாய்வே இல்லாத ஜாயிண்டில் சிலுவையின் ஊசி உருளைகள் உருளாமல் நின்ற இடத்திலேயே அழுத்திக் குழி போட்டுவிடும். கொஞ்சமாவது சாய்வு வேண்டும். 'நேர்' அதற்கு நேர் எதிரான பொருளைத் தருகிறது, திரும்பப் பெறுகிறேன். 'கவையொப்பு' என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதை நான் ஏற்கவில்லை. ஆடு மேய்ப்பவர் கையில் இன்னும் கவைக்கோல் இருக்கிறது, உண்டிவில்லிலும் கவை இருக்கிறது. படம் ஒன்று போட்டால் போதும்.

கையேட்டு வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'கழற்றும் முன் தண்டிலும் செருகு கவையிலும் ஒரு கோடு கீறிக்கொள்க. திரும்பச் செருகும்போது கோடுகளைச் சேர்த்து, கவையொப்பு பார்த்த பிறகே போல்ட்டை முறுக்குக.'

தண்டின் பற்களில் செருகும் கவைக்கு (slip yoke) 'செருகு கவை' சரியாகப் படுகிறதா?