மறு: இ.எஸ்.சி.க்குத் தமிழில் என்ன? ‘திசைகாப்பு’ என் முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம். வளைவில் கார் சறுக்கித் தடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் இ.எஸ்.சி. (எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்) கருவிக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த இரண்டு கருத்துகளுக்குப் பதில் சொல்லி, என் சொற்களையும் வைக்கிறேன்.

> ‘மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு’ என்றே வைத்துவிடலாமே. பார்த்ததும் புரிகிறது, புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை.

ஐயா, புரிகிறது என்பதுதான் எனக்குச் சிக்கல். எதுவாகப் புரிகிறது? குன்னூரில் பட்டறை வைத்திருக்கிறேன். ‘நிலைப்பு’ என்று சொன்னதும் வாடிக்கையாளர் ‘அப்போ வண்டி கவிழாதுதானே?’ என்று கேட்கிறார். அந்த நம்பிக்கையோடு அவரை மலையிலிருந்து இறக்கிவிட எனக்கு மனமில்லை.

கருவி செய்யும் வேலையைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. வண்டி தன் செங்குத்து அச்சில் என்ன வேகத்தில் திரும்புகிறது என்று இன்னொன்று. பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதற்குத் தனியாக ஒன்று. நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியே வந்து சேருகிறது. ஓட்டுநர் கேட்ட திருப்பமும் வண்டி எடுத்த திருப்பமும் ஒத்துப்போகின்றனவா என்று விடாமல் கணக்குப் பார்ப்பதுதான் அதன் பிழைப்பு. ஒத்துப்போகாவிட்டால், தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து, எஞ்சின் இழுவையையும் குறைத்து, கேட்ட பக்கம் வண்டியைத் திருப்பப் பார்க்கிறது.

பட்டறையில் இது நன்றாகத் தெரியும். வீல் அலைன்மென்ட் செய்துவிட்டு, ஸ்டியரிங் சென்சாருக்கு எது நேர் என்று ஸ்கேனர் போட்டுச் சொல்லிக்கொடுக்காமல் வண்டியை அனுப்பிவிட்டார்கள் என்று வையுங்கள். வண்டி நேராகப் போகும். சென்சாரோ ‘இவர் இடதுபக்கம் திருப்புகிறார்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அப்படியே நின்றுவிடும். சிலவற்றில் சாதாரண வளைவில்கூட ஒரு சக்கரம் மட்டும் ‘கர்ர்’ரென்று லேசாகப் பிடித்து விடும். வண்டியின் நிலைப்புக்கு ஒரு குறையும் இல்லை, திசைக் கணக்குதான் பிசகியிருக்கிறது.

அதனால்தான் ‘திசைகாப்பு’ என்கிறேன். கருவியைச் சொல்லும்போது ‘திசைகாப்பி’. திசைகாட்டியோடு குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள். ஒன்று காட்டுகிறது, ஒன்று காக்கிறது. குழம்பாது என்றே நினைக்கிறேன். ‘மின்னணு’ என்ற ஒட்டு தேவைப்படும் இடத்தில் மட்டும் போதும்.

> 1997-இல் ஸ்வீடனில் பென்ஸ் ஏ-கிளாஸ் சோதனை ஓட்டத்தில் கவிழ்ந்த பிறகுதானே இது பரவியது? அப்படியானால் கவிழாமைதானே அதன் வேலை?

நல்ல கேள்வி. அந்த வண்டிக்கு அப்புறம் இதைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள் என்பது உண்மை. கூடவே சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வண்டி பக்கவாட்டில் சறுக்கிப் போய் எதிலாவது இடறிக் கவிழ்வதைத் திசைகாப்பு பெரிதும் தடுக்கும். அது திசையைக் காத்ததால் வந்த பலன். கனரக வண்டிகளில் கவிழ்வைத் தடுக்கவென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. நிலைப்பு என்ற பெயரை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன வைப்பது?

ஆங்கிலத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்றாலும் எந்த ஆங்கிலத்தைப் பார்ப்பது? 1995-இல் பாஷும் பென்ஸும் கொண்டுவந்தபோது இ.எஸ்.பி. டொயோட்டாவுக்கு வி.எஸ்.சி., ஹோண்டாவுக்கு வி.எஸ்.ஏ., பி.எம்.டபிள்யூ.வுக்கு டி.எஸ்.சி. ஆளுக்கொரு பெயர்.

அடுத்தது வளைவில் வரும் இரண்டு வகை வழுக்கல்: முன்சக்கரம் வழுக்கி வண்டி போதிய அளவு திரும்பாமல் போவது (அண்டர்ஸ்டியர்), பின்சக்கரம் வழுக்கி அளவுக்கு மேல் திரும்பிவிடுவது (ஓவர்ஸ்டியர்). இழையில் ‘குறைதிருப்பம், மிகைதிருப்பம்’ என்று வந்திருக்கிறது. படித்தால் ஏதோ ஓட்டுநர்தான் குறைவாகவும் கூடுதலாகவும் திருப்பிவிட்டார் போலிருக்கிறது. மழைக்காலத்தில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் போய்வந்த டிரைவர் யாரையாவது கேளுங்கள். ‘முன்னாடி தள்ளிட்டுப் போகுது’, ‘பின்னாடி வீசுது’ என்பார். ‘முன்தள்ளல்’, ‘பின்வீச்சு’ என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாடம் எழுதவும் வசதி: முன்தள்ளலின்போது பெரும்பாலும் வளைவின் உட்பக்கப் பின்சக்கரத்தில் பிரேக், பின்வீச்சின்போது வெளிப்பக்க முன்சக்கரத்தில்.

வண்டி செங்குத்து அச்சில் திரும்பும் வேகத்துக்கு ‘திரும்புவீதம்’. ஓட்டுநர் கைக்கு வண்டி இணங்கிப் போகும் தன்மையை ஹேண்ட்லிங் என்கிறோமே, அதற்கு ‘கையாளுமை’ எனக்கு ஒட்டவில்லை, ‘கையிணக்கம்’ எப்படி? ஸ்டியரிங்கை நான் விட்டுவிடுகிறேன், ‘சுக்கான்’ என்பவர்கள் கப்பலில் வைத்துக்கொள்ளட்டும்.

இதுபோன்ற கருவிகளின் குடும்பம் முழுமைக்கும் (சேசிஸ் கண்ட்ரோல்) ‘அடிச்சட்டக் கட்டுப்பாடு’ என்று பெயர் வைத்திருப்பதையும் மாற்ற வேண்டும். லாரிக்கு அடிச்சட்டம் உண்டு. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச்சட்டமே கிடையாது, உடலே சட்டம். இங்கே கட்டுப்படுவது பிரேக்கும் ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும். ‘ஓட்டக் கட்டுப்பாடு’ போதும்.

விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்: டயருக்குச் சாலையில் இருக்கும் பிடிப்பைத்தான் திசைகாப்பு பங்கிட்டுக் கொடுக்கும், புதிதாகப் பிடிப்பை உண்டாக்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பெடல் அமுங்கிப் போகும். திசைகாப்பும் அதே பிரேக்கைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே காப்பாற்றுவது சின்ன கியர்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அட்டையில் எழுதிப் பார்த்தேன்: ‘திசைகாப்பு விளக்கு மினுக்கினால் சாலை வழுக்குகிறது, வேகத்தைத் தளர்த்தவும். நிலையாக எரிந்தால் திசைகாப்பு வேலை செய்யவில்லை, பட்டறையில் காட்டவும்.’ மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் இதே இரண்டு வரிகளில் பொருத்தி அனுப்புங்கள், பேசலாம்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து