எங்கள் எம்.எல்.ஏ.வின் சொத்துக் கணக்கு பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது, எங்கே தவறு?

நூலக_வாசல் (வெள்ளி இரவு)
வணக்கம். ஞாயிறு காலைக்குள் வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் படிப்பகத்தில் தொகுதி எம்.எல்.ஏ. பற்றி ஒரு பக்கத் தாள் ஒட்டப்போகிறோம். அவருடைய பின்னணி, தேர்தலுக்குப் பணம் வந்த வழி, சட்டமன்றத்தில் அவர் செய்தது, இந்த மூன்றும் அதில் வரவேண்டும். முதல் படியிலேயே மாட்டிக்கொண்டேன். முந்தைய பிரமாணப் பத்திரத்தில் சொத்து கோடிக்கு மேல். அடுத்ததில் 11 லட்சம்தான்! பணம் யார் கொடுத்தார்கள் என்ற பக்கம் இரண்டிலுமே இல்லை. எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்றும் எங்கேயும் காணோம். இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

வைகைமணல்
முந்தைய என்றால் 2011ஆ, 2016ஆ? அடுத்தது 2021 பொதுத் தேர்தலா, நடுவில் வந்த இடைத்தேர்தலா? எந்தத் தளத்தில் எடுத்தீர்கள்? அவர் பெயர் மட்டுமா, மனைவி பெயரும் சேர்த்தா? இவ்வளவும் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாதுங்க.

செங்காட்டான்
இதில் என்ன சந்தேகம்? மகன் பெயருக்கு எழுதி வைத்திருப்பார். பிரமாணப் பத்திரத்தில் கணவன், மனைவி, அவர்களைச் சார்ந்திருப்போர் கணக்குத்தான் வரும். மகன் தனியாகச் சம்பாதிக்கிறார் என்றால் அவர் சொத்தைக் காட்ட வேண்டியதில்லை. பக்கத்துத் தொகுதியிலும் இதே கதைதான்.

பேரவைமாடம்
தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்தாயிற்று! படிவம் 26-ஐ ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. அது வேட்புமனுவோடு கொடுக்கும் பத்திரம். குற்ற வழக்குகள், படிப்பு, சொத்து, கடன், ஐந்து ஆண்டு வருமானவரிக் கணக்கு, வருமானத்தின் மூலம், இவ்வளவுதான் அதில் உண்டு. 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இதுவே நமக்குக் கிடைத்தது. பிரச்சாரச் செலவு மனு போட்ட பிறகு நடப்பது. அதை மனுவோடு கொடுத்த தாளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நூலக_வாசல்
மன்னிக்கவும். 2016, 2021 இரண்டுமே பொதுத் தேர்தல். இரண்டிலும் ஜெயித்தவர். கூகுளில் பெயரும் தொகுதியும் போட்டுத் தேடியதில் வந்த பி.டி.எஃப்.

ஓரத்து_இருக்கை
தேர்தலுக்கு வந்த பணமா, தொகுதி மேம்பாட்டு நிதியா? நிதி என்றால் ஆண்டுக்கு 3 கோடி, அது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாகச் செலவாகும்.

பேரவைமாடம்
அது அரசுப் பணம். எம்.எல்.ஏ. வேலையைப் பரிந்துரைக்கிறார், அவ்வளவுதான். தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

தறிக்கூடம்
செலவுக் கணக்கை நான் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும், தோற்றவர் உட்பட, மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், கணக்குக் கொடுக்க வேண்டும். 2021 முடிவு மே 2-ல் வந்தது, அங்கிருந்து கணக்கிடுங்கள். கலெக்டர் அலுவலகத் தேர்தல் பிரிவில் 1 ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் நடத்துதல் விதி 88 என்று மனுவில் எழுதிக் கொண்டுபோங்கள். நான் விதியைச் சொன்ன பிறகுதான் பீரோவைத் திறந்தார்கள். சான்றிட்ட நகலுக்குத் தனிக் கட்டணம்.

பதிவேட்டில் மூன்று நிறத்தில் தாள் இருக்கும். வெள்ளை அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கிக் கணக்கு. வெள்ளைத் தாளில் டீ, மைக் செட், வேன் வாடகை என்று வரிசையாக எழுதியிருந்தது. நீங்கள் தேடுவது அதோடு வரும் சுருக்க அறிக்கையில் இருக்கிறது. சொந்தப் பணம் எவ்வளவு, கட்சி கொடுத்தது எவ்வளவு, மற்றவர்கள் கொடுத்தது எவ்வளவு என்று அதில் பிரித்துக் காட்ட வேண்டும். நான் முதலில் புரட்டியதும் அந்தப் பக்கத்தைத்தான்.

செங்காட்டான்
எல்லாம் ஆடிட்டர் எழுதிக் கொடுத்த கணக்கு. 2021-ல் உச்சவரம்பு 30.80 லட்சம், 2022-ல் 40 லட்சமாக ஏற்றினார்கள். யாராவது அந்த வரம்பைத் தாண்டிக் கணக்குக் காட்டி நீங்கள் பார்த்ததுண்டா? கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. அதைப் படிப்பகத்தில் ஒட்டுவது மக்களை ஏமாற்றுவதுதான்.

பேரவைமாடம்
பாதி தெரிந்துகொண்டு பேசுகிறீர்கள். தலைவர்களின் பயணச் செலவுக்குத்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவில் விலக்கு. அதே தலைவரோடு வேட்பாளர் மேடை ஏறினால் கூட்டச் செலவில் பங்கு வேட்பாளர் கணக்கில் ஏறும். 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்வதும் அவர் செலவுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கினார்கள். 2003-ல்தான் ஓரளவு சரிசெய்தார்கள். இந்த வரலாறு தெரியாமல் கணக்கைத் தூக்கி எறியக் கூடாது.

செங்காட்டான்
அந்த வரலாறே என் பக்கம்தான் பேசுகிறது ஐயா. கட்சிக்கு யார் கொடுத்தார்கள் என்பதைத் தேர்தல் பத்திரம், அதாவது கொடுப்பவர் பெயர் வெளியே வராத நன்கொடைப் பத்திரம், என்ற பெயரில் மூடியே வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான் பெயர்கள் வெளியே வந்தன. கட்சி தன் வேட்பாளருக்குக் கொடுத்தது என்று ஒரு வரி இருந்தால், அந்த வரிக்குப் பின்னால் யார் என்று இந்தக் கணக்கு சொல்லுமா?

தறிக்கூடம்
சொல்லாது. 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கின்றன, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனாலும் அவர் கையெழுத்துப் போட்ட கணக்கு அவருடையதுதான். எங்கள் ஊரில் பத்து நாள் ஓடிய வேன் அந்தக் கணக்கில் இரண்டு நாள் என்று இருந்தால், அதைக் கேட்க எனக்கு ஒரு தாள் வேண்டும் இல்லையா? அண்ணா, நீங்கள் இருவரும் இதற்கு ஒரு தனி இழை போடுங்களேன். கேட்டவருக்கு ஞாயிறு வந்துவிடும்.

வைகைமணல்
நூலக_வாசல், 2021 பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். தந்தை பெயர், வயது, வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண், கட்சி. இவை 2016 பத்திரத்தோடு பொருந்துகின்றனவா? ஒரே பெயரில் சுயேச்சைகள் நிற்பது நம் ஊரில் சாதாரணம். முதன்மை வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் நிற்பதற்காக மனுப் போடும் மாற்று வேட்பாளரும் பத்திரம் கொடுப்பார். தவிர ஒருவரே நான்கு மனு வரை போடலாம். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் யார் பத்திரம் வேண்டுமானாலும் வரும். தேர்தல் ஆணையத் தளத்தில் தொகுதியைத் தேர்ந்தெடுத்து, கட்சியைப் பார்த்து எடுங்கள்.

செங்காட்டான்
எனக்கு இன்னும் மகன் மேல்தான் சந்தேகம்.

ஓரத்து_இருக்கை
ஓட்டு விவரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடும். யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார் என்று பெயர் பதிவாகாது. எண்ணிப் பார்ப்பது அபூர்வம். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எண்ணினார்கள், 122க்கு 11. உங்கள் ஆள் அந்தப் பேரவையில் இருந்தவர் என்பதால் அதைப் போடலாம். மற்றபடி கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும், அதனால் ஓட்டைவிடப் பேச்சைப் பாருங்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் மானியக் கோரிக்கை விவாதம், கேள்வி நேரம், கவன ஈர்ப்பு மூன்றிலும் அவர் பெயரைத் தேடுங்கள். என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் படிப்பவர்களுக்குப் பயன்படும். கேள்விகளின் எண்ணிக்கையும் வருகை நாட்களும் வேண்டும் என்றால் பேரவைச் செயலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள். 30 நாள் ஆகும், இந்த ஞாயிறுக்கு உதவாது.

பேரவைமாடம்
அமைச்சராக இருந்தவர் என்றால் கேள்வியே கேட்டிருக்க மாட்டார், பதில்தான் சொல்லியிருப்பார். அதையும் கேட்டவர் சொல்லவில்லை.

நூலக_வாசல் (சனி இரவு)
அமைச்சர் இல்லை. தந்தை பெயர் வேறு, வயதும் 12 குறைவு. நான் எடுத்தது அதே பெயரில் நின்ற சுயேச்சையின் பத்திரம். சரியானது கிடைத்துவிட்டது, சொத்து கூடித்தான் இருக்கிறது. 'தேர்தல் பணம்' கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விட்டு, திங்கள் கலெக்டர் ஆபீஸ் போகிறேன். வைகைமணல், தறிக்கூடம் அக்கா, நன்றி.

தறிக்கூடம்
நல்லது. கடன் பகுதியையும் சேர்த்துப் போடுங்கள், சொத்தை மட்டும் போட்டால் அவருக்கு நியாயமாக இருக்காது. திங்கள் என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள்.

செங்காட்டான்
எவ்வளவு கூடியிருக்கிறது?