அந்தக் கால வின்செஸ்டர் ரைபிளில் 45 கோல்ட் தோட்டா போகுமா, போகாதா?

ஒஹாயோ கதிர்:
நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "ரிவால்வர் தோட்டா போடும் லீவர் கார்பைன் (விசைக்கு அடியில் உள்ள நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் குட்டை ரைபிள்) வாங்குவது சினிமா பார்த்துக் கெட்டுப்போனவர்கள் வேலை. கௌபாய் இடுப்பில் 45 கோல்ட் ரிவால்வர், குதிரைச் சேணத்தில் 45 வின்செஸ்டர், அதைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள்." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 45 கோல்ட் போடும் வின்செஸ்டர் அந்தக் காலத்தில் கிடையவே கிடையாது! வின்செஸ்டரின் 1873 மாடல் 44-40 என்ற வேறு தோட்டாவோடு வந்தது. கோல்ட் கம்பெனி பிறகு 1878இல்தான் தன் ரிவால்வரையும் அதே 44-40க்குச் செய்தது. அதாவது ரைபிள் தோட்டா ரிவால்வருக்குப் போனது, ரிவால்வர் தோட்டா ரைபிளுக்கு வரவில்லை. இதுகூடத் தெரியாமல் கிண்டல் எதற்கு?

முப்பதுமுப்பது:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 44-40ஓ 45ஓ, எதுவாக இருந்தால் என்ன? 357 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டா போடும் கார்பைனை வைத்து 100 கஜத்துக்கு அப்பால் ஒரு மானைச் சுட முடியுமா? என் 30-30 ரைபிள் தோட்டாவில் 150 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) குண்டு நொடிக்கு 2,390 அடி வேகத்தில் போகிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஒஹாயோ கதிர்:
எதுவாக இருந்தால் என்னவா? 45 என்று எழுதியது நீங்கள். முதலில் அது தவறு என்று சொல்லுங்கள், அப்புறம் மானுக்கு வருவோம்.

சரி, மானுக்கே வருகிறேன். 158 கிரெய்ன் 357 மேக்னம் நாலு அங்குலக் குழல் ரிவால்வரில் நொடிக்குச் சுமார் 1,250 அடி, என் மார்லின் 1894 மாடல் கார்பைனில் சுமார் 1,800 அடி. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆனால் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது. 100 கஜத்துக்குள் மானுக்கு அது போதும். எங்கள் ஒஹாயோவில் 2014இலிருந்து மான் சீசனில் நேர்ச்சுவர் தோட்டா (வாய்ப் பக்கம் ஒடுங்காமல் நேராக இருப்பது) ரைபிளுக்கு அனுமதி உண்டு, என் 357 அந்த வகை. உங்கள் 30-30க்குக் கழுத்து ஒடுங்குகிறது, அதனால் இங்கே மானுக்கு அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போக முடியாது. இதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்!

முப்பதுமுப்பது:
சட்டம் தடுக்கிறது என்பதால் உங்கள் தோட்டா உசத்தியாகிவிடுமா? நல்ல நியாயம்.

சேணக்காரன்:
கதிர் அண்ணே, 45 கோல்டுக்கு லீவர் துப்பாக்கி ஏன் வரவில்லை என்று சொல்லாமலே போகிறீர்களே. அந்தக் காலத் தோட்டாவின் அடி விளிம்பு மிக மெல்லிசு. சுட்ட தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடிக்க இடமே இல்லை.

ஒஹாயோ கதிர்:
தம்பி, அதைத்தானே நானும் சொல்ல வந்தேன்.

முப்பதுமுப்பது:
விளிம்பு மெல்லிசு என்றால் இன்றைக்கு ரோஸி, ஹென்றி கம்பெனிகள் 45 கோல்டில் கார்பைன் விற்கிறார்களே, அது எப்படி இழுக்கிறதாம்?

சேணக்காரன்:
இன்றைய தோட்டாவில் விளிம்புக்கு மேலே பள்ளம் வெட்டியிருக்கிறார்கள், கொக்கி அதில் மாட்டும். பழையதில் அது இல்லை.

முப்பதுமுப்பது:
பள்ளம் வெட்ட 1873இல் ஆள் இல்லையா? வின்செஸ்டர்காரனுக்குத் தன் 44-40ஐ விற்க வேண்டும், அவ்வளவுதான். வியாபாரத்தை விளிம்பு என்கிறீர்கள்.

ஒஹாயோ கதிர்:
பார்த்தீர்களா, இப்போது "ஏன் வரவில்லை" என்று பேசுகிறார். அப்படியென்றால் வரவில்லை என்று ஆகிவிட்டது! நேற்று "45 வின்செஸ்டர்" என்று எழுதியது யார்?

லண்டன்வாசி:
நடுவில் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 1997இல் கைத்துப்பாக்கியைத் தடை செய்த பிறகு, லைசென்ஸோடு 357 லீவர் கார்பைன் வைத்து இலக்குப் பயிற்சி செய்கிறவர்கள் நிறையப் பேர். மானும் இல்லை, கௌபாயும் இல்லை. அதே துப்பாக்கியில் 38 ஸ்பெஷல் என்ற வலுக் குறைந்த தோட்டா போட்டால் உதை மெதுவாக, சத்தமும் குறைவாக, நாள் முழுக்கச் சுடலாம்.

முப்பதுமுப்பது:
38 ஸ்பெஷல் குட்டையான தோட்டா. சில கார்பைனில் மேலே ஏறும்போது சிக்கும், சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) கரி வளையம் படியும். அப்புறம் 357 போட்டால் உள்ளே இறுகி நிற்கும். அதையும் எழுத வேண்டியதுதானே?

ஒஹாயோ கதிர்:
தாமிர பிரஷ்ஷை நாலு தரம் சுற்றினால் கரி போய்விடும். துடைக்கச் சோம்பல் என்றால் துப்பாக்கி எதற்கு? போன மாதம் குழாய் மேகசினில் (தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாயில்) கூர்முனைக் குண்டு போடலாம் என்று ஒரு புதியவருக்கு யோசனை சொன்னவரும் நீங்கள்தான். முன்னால் இருக்கிற தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கும் பற்றவைக்கும் மருந்தில்) அந்தக் கூர் இடித்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அன்றைக்கு நான் தடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

முப்பதுமுப்பது:
நான் சொன்னது முனையில் ரப்பர் போல வளையும் குண்டை. முழுசாகப் படிக்காமல் அன்றைக்கும் இப்படித்தான் குதித்தீர்கள்.

ஒஹாயோ கதிர்:
அந்தப் பதிவில் "வளையும்" என்று ஒரு இடத்தில்கூட இல்லை.

சேணக்காரன்:
அண்ணே, ரெண்டு பேரும் அதை விடுங்கள். விளிம்பு விஷயம்...

முப்பதுமுப்பது:
விளிம்பு இல்லை தம்பி, வியாபாரம்.

ஒஹாயோ கதிர்:
விளிம்போ வியாபாரமோ, 45 கோல்டில் 19ஆம் நூற்றாண்டு வின்செஸ்டர் ஒன்றைக் காட்டுங்கள். 1873 மாடலில் காட்டுங்கள், 1892 மாடலில் காட்டுங்கள். அதுவரை மானைப் பற்றி உங்களோடு பேச்சே இல்லை.